மாடசாமி கேட்ட காரணம்

ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் கீழ்ப்பிரிவுச் சங்கத் தலைவராக இருபத்தேழு வருஷம் இருந்தவர் மாடசாமி. அத்தனை வருஷமும் அவர் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு விஷயம்தான். வேலை செய்யும் இடத்திலிருந்து போகச் சொன்னால், எதற்கென்று எழுதி வாங்காமல் போகக் கூடாது.

அந்தப் பாடம் அவருக்கு அடிபட்டு வந்தது. அழகர் என்று, தேயிலைச் செடிகளை வெட்டிவிடுகிற ஒரு கவ்வாத்துக்காரன் இருந்தான். மாடசாமியின் சேக்காளி. ஒருநாள் மலையில் வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையோடு வாய்த்தகராறு. "மலையை விட்டு எறங்குடா" என்றார் கணக்கப்பிள்ளை. அழகர் ரோஷக்காரன், கத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். தானாகவே வேலையை விட்டுப் போனான் என்று ஆபீஸில் எழுதிவிட்டார்கள். தொழில் நியாய மன்று வரைக்கும் போய்ப் பார்த்தார்கள். போகச் சொன்னதற்கு எழுத்து இல்லை, போனதற்கு ஊரெல்லாம் சாட்சி. அழகர் கொழும்புக்கு மூட்டை தூக்கப் போனான், திரும்பி வரவில்லை. மாடசாமி தலைவரானது அதற்கு அடுத்த வருஷம்.

அவர் மகள் ஜெயந்தினிக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது ஒரு சம்பவம். முத்தின இலையைப் பறித்துப் போட்டதாகச் சொல்லி நாலு பெண்களைக் கணக்கப்பிள்ளை வீட்டுக்குப் போகச் சொன்னார். மாடசாமி அந்த நாலு பேரையும் கூடையோடு அங்கேயே உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தலைவரே, பொம்பளைகள வெயில்ல காயப் போடாதீங்க" என்றார் கணக்கப்பிள்ளை.

"நீங்க எழுதிக் குடுங்க. இந்த நிமிஷமே எறங்கிப் போயிடுறோம்."

"எங்கிட்ட பேனா இல்ல."

மாடசாமி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். கூடைக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள்: "பேனா குடுத்தா ஆச்சா தலைவரே, எழுத்தும் சொல்லிக்குடுங்க கணக்கப்புள்ளைக்கு." கணக்கப்பிள்ளைக்கே சிரிப்பு வந்துவிட்டது. மத்தியானம் உதவி மேனேஜர் சின்னதொரை வந்தார், விசாரித்தார், போய்க் கொழுந்து எடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாடு கொண்டுபோன ஜெயந்தினி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வரும்போது அப்பா சொன்னார்: "காரணத்த எழுதுன்னு சொன்னா பாதிப் பேருக்குக் காரணமே கெடைக்காது பாப்பா."

ஜெயந்தினி பின்னால் பொறியியல் படித்துக் கொழும்பில் மின்தூக்கிகளைப் பராமரிக்கும் கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே ஒவ்வொரு பழுதுக்கும் ஒரு படிவம் உண்டு. என்ன நடந்தது, என்ன செய்தோம், காரணம் என்ன. மூன்றாவது கட்டத்தை நிரப்பாமல் படிவத்தை மூடக் கூடாது. அவள் மூடியதில்லை.

மாடசாமி விமானத்தில் ஏறியது ஒரே ஒரு முறை. அதுவும் பறக்கவில்லை.

அவருடைய தங்கை ரெங்கம்மா, தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போனவள். போகும்போது பத்தொன்பது வயது, கல்யாணமாகி மூன்று மாதம். நாற்பது வருஷத்தில் அண்ணனும் தங்கையும் ஒருதரம்கூட நேரில் பார்க்கவில்லை. கம்பத்தில் இருந்த ரெங்கம்மாவின் கடைசி மகளுக்கு 2023 மாசியில் கல்யாணம் வைத்தார்கள். மூத்த மகள்களின் கல்யாணத்துக்கெல்லாம் தாய்மாமன் இடத்தில் யாரோ நின்றார்கள். "இதுக்காவது நீ வரணும்" என்று ரெங்கம்மா தொலைபேசியில் அழுதாள். ஜெயந்தினி விடுமுறைக்கு வந்திருந்தபோது பதுளை பஜாரில் நப்ரீஸ் என்பவருடைய பயண முகவர் கடையில் மதுரைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். அம்மா விஜயலெட்சுமிக்கு முழங்கால் வலி, அதனால் மாடசாமி மட்டும் போவதாக ஏற்பாடு.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை. அப்பாவை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு ஜெயந்தினி வேலைக்குப் போனாள். ஒன்பது மணிக்கு அவரே கூப்பிட்டார். "ஏறி உக்காந்துட்டேன் பாப்பா. சன்னல் பக்கம் கெடைக்கல. பரவால்ல, நடுவுல ஒக்காந்தாலும் பிளேன் போகும்தானே?"

அதன்பிறகு நடந்ததை அவள் மற்றவர்களைப் போலவே முகநூலில்தான் பார்த்தாள். பின் இருக்கைக்காரர் எவரோ எடுத்த படம், ஒரு நிமிஷம் நாற்பது நொடி.

பணியாளர் ஒருவர் வந்து நாலு பேரின் பெயரைப் படிக்கிறார். தயவுசெய்து இறங்குங்கள், அடுத்த விமானத்தில் அனுப்புகிறோம் என்கிறார். மூன்று பேர் முணுமுணுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். மாடசாமி உட்கார்ந்திருக்கிறார். குரல் உயரவில்லை.

"எறங்குறேன் தம்பி. எதுக்குன்னு எழுதிக் குடுங்க."

"அங்கிள், வெளியே வாங்க, பேசலாம்."

"வெளிய வந்தா நானா வந்தேன்னு எழுதிருவீங்க. இங்கயே எழுதுங்க. பேனா இந்தா இருக்கு."

கை நீளுகிறது. பணியாளர் ஓரடி பின்வாங்குகிறார். அதற்குப் பிறகு இரண்டு பாதுகாப்புக்காரர்கள் வந்து இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து அவரைத் தூக்குகிறார்கள். முன் இருக்கையின் முதுகை அவர் பிடித்துக்கொள்கிறார். விரலை ஒவ்வொன்றாக விடுவிக்கிறார்கள். புதுச் சட்டையில் இரண்டு பொத்தான் தெறிக்கிறது. படம் அங்கே முடிகிறது.

மலையில் நாற்பது பேரின் வேலையைக் காப்பாற்றிய வழி அது. விமானத்துக்குள்ளே பணியாளர் எழுந்திரு என்றால் எழுந்திருக்காததே குற்றம் என்று மாடசாமிக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. மகளும் சொல்லவில்லை. அவளுக்கும் அது தெரியாது.

கம்பத்துக் கல்யாணத்தைக் கைபேசியில் பார்த்தார். தாய்மாமன் மாலையைப் பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். ஒரு மாதம் கழித்து விமானக் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் கடிதம் வந்தது. ஒழுங்கற்ற நடத்தைக்காக இறக்கப்பட்டீர், ஒரு வருஷத்துக்கு எங்கள் விமானத்தில் ஏற முடியாது. ஜெயந்தினி தமிழில் வாசித்துக் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இது எறங்க மாட்டேன்னதுக்கு. எறங்கச் சொன்னது எதுக்கு? அது இதுல இல்லையே."

அவர் சொன்னது சரி. அது அதில் இல்லை.

தோட்டத்தில் பெரட்டுக் களத்தில், ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புகிற அந்த இடத்தில், பையன்கள் கேலி பண்ணினார்கள். "என்ன தலைவரே, பிளேன்லயும் ஸ்ட்ரைக்கா?" அவர்தான் முதலில் சிரித்தார். "ஆமாடா, பைலட்டுக்கு அன்னைய வேலைக்குப் பேர் போட்டுட்டாங்க, எனக்குப் போடல." ஆனால் வீட்டில் வேறு மாதிரி இருந்தார். ஒருநாள் விஜயலெட்சுமியிடம் கேட்டார்: "எம்மேல ஏதாச்சும் வாடை அடிச்சிருக்குமோ?"

"குளிச்சிட்டு, புதுச் சட்டை போட்டுட்டுத்தானே போனீங்க. என்ன வாடை?"

"இல்ல, பக்கத்துல ஒரு அம்மா மூக்கத் தொடச்சிக்கிட்டே இருந்துச்சு. அது சொல்லியிருக்குமோன்னு."

அம்மா இதைத் தொலைபேசியில் சொன்னபோது ஜெயந்தினி வழக்கு போடலாம் என்று முடிவெடுத்தாள்.

டிக்கெட் பதுளையில் எடுத்ததால் பதுளை மாவட்ட நீதிமன்றத்திலேயே போடலாம் என்றார் சட்டத்தரணி றம்ஸியா. மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போகும் வழியில் மாடியில் அலுவலகம். நாற்பது வயதிருக்கும், விஷயத்தைச் சுற்றி வளைக்கமாட்டார்.

"ஐயா, முதல்லயே சொல்லிடுறேன். கதவு மூடினதுக்குப் பிறகு கேப்டன் சொல்றதுதான் சட்டம். அவர் நியாயமா நம்பி எறக்கினா அவரைக் கேக்க ஏலாது. மத்தது, சர்வதேச ஒப்பந்தம் ஒண்டு இருக்கு. காயம் பட்டா, தாமதமானா கேக்கலாம். மானம் போனதுக்குக் கேக்க ஏலாதுன்னு அவங்க வாதாடுவாங்க."

"கதவு மூடலையே லோயரம்மா. தொறந்துதான் இருந்துச்சு. அது வழியாத்தானே தூக்கிட்டுப் போனாங்க."

றம்ஸியா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அதுதான் நம்ம பிடி" என்றார். "உங்களுக்கு என்ன வேணும்? நட்ட ஈடு எவ்வளவு போட?"

"அது நீங்க பாத்துப் போடுங்க. எனக்கு எதுக்கு எறக்கினாங்கன்னு எழுத்துல வேணும்."

வழக்கு ஒன்றரை மாதத்துக்கொரு தவணை விசாரணைக்கு வந்தது. தவணை நாளில் மாடசாமி விடியக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு ஹல்துமுல்லையில் பஸ் ஏறி, பண்டாரவளையில் மாறி, ஒன்பதுக்கெல்லாம் பதுளை நீதிமன்ற வாசலில் நிற்பார். ஜெயந்தினி இரவு ரயிலில் வந்து சேர்ந்துகொள்வாள். எதிராளி மறுமொழி போட்டார்கள். வழக்காளி பணியாளரை நோக்கிக் கூர்மையான உலோகப் பொருளை நீட்டினார், அது கேப்டனுக்கு அறிவிக்கப்பட்டது என்று அதில் இருந்தது. இதைக் கேட்டு மாடசாமி முதலில் விளங்காமல் விழித்தார். பிறகு சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "இதையா?" என்றார். வாசலில் நின்ற பொலிஸ்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்தக் காலத்தில் அவர் தினமும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். சிங்களம் தட்டுத்தடுமாறிப் பேசியதாலா. மேலே வைத்த பையில் பலகாரம் இருந்ததாலா. உள்ளங்கையில் தேயிலைச் சாயக்கறை ஏறிய ஆட்கள் வேண்டாம் என்றா. "நம்மளப் பாத்தா தெரியும்தானே, தோட்டத்து ஆளுன்னு" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். வாழ்நாளில் யார் முன்னாலும் தலை குனியாத மனுஷர். அதைச் சொல்லும்போது சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

2024 வைகாசியில் நீதிமன்றக் கட்டளைப்படி எதிராளி ஆவணங்களைக் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலம். றம்ஸியா அவற்றை ஜெயந்தினிக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். "அப்பாவுக்கு விளங்கப்படுத்துங்க" என்று மேலே எழுதியிருந்தார்.

நாற்பத்தொரு பக்கம். அவள் மதிய இடைவேளையில் ஒரு மின்தூக்கி இயந்திர அறைக்குள் உட்கார்ந்து வாசித்தாள். முப்பத்தாறாம் பக்கத்தில் அது இருந்தது.

அன்று காலை மதுரையிலிருந்து வேறொரு விமானத்தை எடுத்துவர நாலு பணியாளர்களை அவசரமாக அனுப்ப வேண்டியிருந்தது. நாலு இருக்கை வேண்டும். யாரை இறக்குவது என்பதற்குக் கம்பெனியில் ஒரு விதி. இருக்கையைக் கடைசியாக உறுதிசெய்தவர் முதலில் இறங்க வேண்டும். கணினி பட்டியல் போட்டிருந்தது. பெயர், உறுதிசெய்த நேரம். அநேகம் பேர் முதல் நாளே இணையத்தில் உறுதிசெய்திருந்தார்கள். கடைசி வரியில் மாடசாமி. காலை 7.52, விமான நிலையக் கவுண்டரில்.

வாடை இல்லை. கை இல்லை. தோட்டம் இல்லை. ஒரு நேரம்.

டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்போது நப்ரீஸ் சொன்னது அவளுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "நாப்பத்தெட்டு மணித்தியாலத்துக்கு முந்தியே ஒன்லைன்ல செக்-இன் தொறந்துரும், செஞ்சிருங்க தங்கச்சி. வாப்பா உம்மா மாதிரி வயசானவங்க போறப்ப அது நல்லம்." கைபேசியில் நினைவூட்டலும் வைத்திருந்தாள். பயணத்துக்கு முதல் நாள் பிற்பகல் அது அடித்தபோது அவள் ஒரு அடுக்குமாடியில், மூன்று பேர் உள்ளே சிக்கிய மின்தூக்கியின் கதவைத் திறந்துகொண்டிருந்தாள். விரலால் தள்ளிவிட்டாள். பிறகு செய்யலாம் என்று நினைத்தாள். பிறகு மறந்துபோனாள். இரண்டு நிமிஷ வேலை.

அடுத்த தவணையில் நீதிமன்றத்துக்கு எதிரே தேத்தண்ணிக் கடையில் அப்பா கேட்டார்: "காரணம் ஏதாச்சும் வந்துச்சா பாப்பா?"

"இன்னும் இல்லப்பா."

"இழுப்பானுக. ஆபீஸ்காரனும் இப்பிடித்தான். நாம விடக் கூடாது."

அவர் தன் வடையில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் வைத்தார். அவள் அதைத் தின்றாள்.

அவள் தனக்குத்தானே பல நியாயம் சொல்லிக்கொண்டாள். இந்த விதியை எதிர்த்துத்தான் வழக்கு, தீர்ப்பு வரும்போது எல்லாம் ஒன்றாகத் தெரியட்டும். விதி எப்படியிருந்தாலும் ஆளைத் தூக்கி எறிந்தது தப்பு, என் மறதி அதில் சிறிய பங்கு. இப்போது சொன்னால் அப்பா வழக்கையே விட்டுவிடுவார், என் மேல் பழி வரக் கூடாதென்று. ஒவ்வொன்றும் உண்மைதான். சொல்லாததற்குக் காரணம் இவற்றில் எதுவுமில்லை. அவளுக்குச் சொல்லப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று தவணை வந்தது. மூன்று முறையும் அவர் கேட்டார், மூன்று முறையும் அவள் அதே பதிலைச் சொன்னாள்.

கார்த்திகையில் ஒருநாள் காலை, பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு லயத்து வீட்டுப் படியேறும்போது மாடசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வண்டி வருவதற்குள் முடிந்துவிட்டது. அறுபத்தாறு வயது. முப்பதாம் நாள் காரியத்துக்கு, அவர் உட்காரவைத்துக் காப்பாற்றிய நாலு பெண்களில் உயிரோடிருந்த இரண்டு பேரும் வந்து காலை முதல் வெங்காயம் உரித்தார்கள்.

தை மாதம் எதிராளியிடமிருந்து சமரசப் பேச்சு வந்தது. ஒரு தொகை தருவார்கள், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள், காரணம் எதுவும் எழுதமாட்டார்கள்.

"வாங்கிக்கலாம்" என்றார் றம்ஸியா. "ஒரு தப்பும் இல்ல. தொடரவும் ஏலும். ரெண்டு தரப்பும் எழுத்தெல்லாம் போட்டு முடிஞ்ச பிறகுதான் அவர் மவுத்தானார், அதனால அவர் இடத்துல உங்கட அம்மாவும் நீங்களும் நிக்கலாம். ஆனா நீங்க சாட்சி சொல்லணும். செக்-இன் பத்திக் கட்டாயம் கேப்பாங்க."

"தெரியும் மேடம்."

"அப்பாவுக்கு இதெல்லாம் சொன்னீங்கதானே?"

ஜெயந்தினி சமரசத் தாளை மேசையில் திருப்பி வைத்தாள். றம்ஸியா கோப்பைப் புரட்டுவதை நிறுத்தினார். "சரி" என்றார். "ஜூன்ல தவணை எடுக்கிறேன்."

கொழும்பிலிருந்து வந்திருந்த எதிராளியின் சட்டத்தரணி நல்ல மனுஷர்போலத்தான் இருந்தார். அதட்டவில்லை. தந்தையாரின் மறைவுக்கு அனுதாபம் தெரிவித்தபிறகு கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"இருக்கையை முன்கூட்டியே இணையத்தில் உறுதிசெய்யலாம் என்று பயண முகவர் உங்களிடம் சொன்னாரா?"

"சொன்னார்."

"செய்தது யார்?"

"யாரும் செய்யல. நான் செஞ்சிருக்கணும். செய்யல. அதனால அவர் பேர் கடைசியா வந்துச்சு. அதனால எறக்கினாங்க. காரணம் அதுதான். அவர் சாகிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். எனக்குத் தெரிஞ்சிருந்தும் சொல்லல."

கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார் நீதிபதி. கண்டிப்பாகச் சொல்லவில்லை. தட்டச்சு செய்பவர் அதற்குள் எல்லாவற்றையும் அடித்துவிட்டிருந்தார்.

றம்ஸியா மறுவிசாரணையில் எழுந்து இரண்டே இரண்டு கேள்வி கேட்டார். விமானத்துக்குள் வைத்து அந்தக் காரணத்தை யாராவது உங்கள் தந்தையிடம் சொன்னார்களா? இல்லை என்றாள். பட்டியல் எத்தனை மணிக்கு அச்சடிக்கப்பட்டது? அப்பாவைத் தூக்குவதற்கு முப்பத்தோரு நிமிஷத்துக்கு முன். அதுவும் பதிவானது. வெளியே வந்ததும், "நம்ம வழக்கு கெட்டுப் போகல" என்றார் றம்ஸியா. "அரை நிமிஷத்துல சொல்லியிருக்கலாம், சொல்லல. அதுதானே நம்ம வழக்கு." பிறகு, தான் என்ன சொன்னோம் என்று உறைத்தவர்போல ஜெயந்தினியின் தோளில் கையை வைத்து எடுத்தார்.

ஆவணியில், அவள் சாட்சியம் பதிவான நடவடிக்கைக் குறிப்பின் பிரதி, நீதிமன்ற முத்திரையோடு வந்தது. சிங்களத்தில் இருந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். விஜயலெட்சுமி அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன எழுதியிருக்கு? படி."

அவள் தமிழாக்கி வரி வரியாகப் படித்தாள். பணியாளர்கள் நாலு பேர், பட்டியல், 7.52, நான் செய்யவில்லை. ஒன்றையும் விடவில்லை. அம்மா ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"ஒனக்கு இது எப்பத் தெரியும்?"

"போன வருஷம் வைகாசி."

"கார்த்திகையிலதானே அவரு போனாரு."

"ஆமாம்மா."

அம்மா விரலில் ஒட்டியிருந்த மாவை உருட்டி எடுத்தாள்.

"ஆறு மாசம்" என்றாள். "மறந்துட்டேம்பான்னு சொல்லியிருந்தா ஒருநாள் ஏசியிருப்பாரு. அடுத்த நாள் பெரட்டுல நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சிருப்பாரு. சட்டைய மோந்து மோந்து பாத்துக்கிட்டு இருந்திருக்க மாட்டாரு."

ஜெயந்தினி தாளை மடித்தாள். அம்மா ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டு அவள் பக்கம் தள்ளினாள், சம்பலை எட்டி எடுத்து வைத்தாள், சாப்பிடு என்று மட்டும் சொல்லவில்லை.